பன்னிரண்டாம் அத்தியாயத்தில் இறந்த அக்கா

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது என் அக்காதான். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தினாள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கிய பிறகுதான் லைசென்ஸ் வாங்கினார்கள். "கிளட்சை மிதின்னா ஏன்டா என் உயிரை எடுக்கிறே?" என்பாள். வாய்தான் அப்படி, மனசு சுத்தம்.

முதல் நாவலில் அவளை உள்ளபடியே எழுதினேன், நம் மொழியில். ஒருவரும் சீந்தவில்லை. விற்காத கட்டுகள் என் வீட்டு மாடியறையில் தூசி படிந்து கிடக்கின்றன.

அடுத்ததை வெளிநாட்டுப் பதிப்பகத்துக்காக அவர்கள் மொழியிலேயே எழுதினேன். கதாநாயகி அதே அக்கா. பதிப்பாசிரியை மிகவும் கண்ணியமானவர். பக்க ஓரத்தில் குறித்து அனுப்பினார்: 'இவள் எங்கள் ஊர்ப் பெண்ணைப் போலவே இருக்கிறாளே. உங்கள் நாடு எங்கே?' எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல் அல்ல, அக்காமேல்.

காரைப் பிடுங்கினேன். படிப்பை நிறுத்தினேன். பதினாறு வயதில் அவளை இருட்டறையில் வைத்து அப்பா கையால் பூட்டினேன். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அங்கேயே இறந்தாள். உண்மையில் நடந்ததா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். பரிசு கொடுத்தார்கள். பாராட்டு விழா நடத்த நம் ஊருக்கே வந்தார்கள்.

விழா அன்று மதியம் அக்கா வந்தாள். கையில் அந்தப் புத்தகம், வரிக்கு வரி பென்சில் கோடு.

"என்னைச் சாகடிச்சது போனாப் போவுது. அப்பா உனக்கு என்னடா பண்ணாரு? நான் கத்துக் கொடுத்த முதல் ஆளே அவர்தான். அறுபது வயசுல."

"அது கதைக்கா."

"அப்போ கதைன்னு சொல்லு. சாயந்தரம் முன் வரிசையில வந்து உக்காருவேன். நீ சொல்லு, இல்லேன்னா நான் எந்திரிச்சு சொல்றேன்."

குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது.

உன்னை நிஜமாக எழுதிய நாவல் மாடியில் இருக்கிறது, ஒரு பிரதி எடுத்து வா, மேடையில் அதைக் காட்டி மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "இப்பதான்டா என் தம்பி" என்று கன்னத்தில் தட்டினாள். கைப்பையை மேசைமேல் வைத்துவிட்டு மேலே போனாள். நானும் பின்னாலேயே போய் வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. தூசி பட்டால் அவளுக்கு இழுப்பு வரும், சிறு வயதிலிருந்தே. "விளையாடாதே, கதவத் திற" என்று கொஞ்ச நேரம் தட்டினாள். கைப்பையிலிருந்த இன்ஹேலரை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விழாவுக்குக் கிளம்பினேன். மறந்துபோய் அல்ல.

இரண்டு மணி நேரம் பேசினேன், நம் நாட்டுப் பெண்கள் மூச்சுவிட முடியாமல் வாழ்வதைப் பற்றி. விருந்தினர்கள் அழுதார்கள்.

ஏன் செய்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கோபம்தான், இன்ஸ்பெக்டர். கார் ஓட்டும் பெண்ணை நம்ப மறுத்து, பூட்டிய அறையில் செத்தவளை மட்டும் நம்புகிறார்களே, அவர்கள்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. அவர்களை யாரும் விசாரிக்கப் போவதில்லை.

கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொய் எழுதியவன் என்று மட்டும் எழுதாதீர்கள். பூட்டியது அப்பா என்ற ஒரு சின்ன விவரத்தை அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம்.