தொன்மம் என்ற ஒரு சொல்

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் முன்னாள் தலைமையாசிரியர் ஹரிகிருஷ்ணன் ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் இருக்கும் சின்னத்தாய் அக்கா அவர்களே, பெருமாள்மலையிலிருந்தும் அடுக்கத்திலிருந்தும் மழையில் நனைந்து வந்திருக்கும் பெற்றோர்களே, மாணவர்களே, வணக்கம்.

நான் ஜாஹிதா. மறைந்த வரலாற்று ஆசிரியர் சூசைமுத்து ஐயாவோடு ஒரே பள்ளியில் அதே பாடம் நடத்தியவள். அவருடைய பெருமையை மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் வந்தேன். ஆனால் அது அவருக்குச் செய்யும் மரியாதையாக இருக்காது.

ஒன்பதாம் வகுப்பில் நதிக்கரை நாகரிகங்கள் பாடம் வரும். நாங்களெல்லாம் ஆண்டுகளை எழுதிப் போடுவோம். அவர் சொற்களைத்தான் முதலில் கொடுப்பார். 'வண்டல்' என்றால் என்ன? அதற்காகவே பிள்ளைகளை அய்யம்பாளையத்துக்கு அழைத்துப்போய், மருதாநதி அணையில் தண்ணீர் வற்றிய இடத்தில் மண்ணைக் கையில் அள்ளச் சொன்னார். "இதுல வெதச்சாத்தான் சாப்பிட்டது போக மிச்சம் விழுகும். மிச்சம் விழுந்தாத்தான் கோயிலும் வரும், ராசாவும் வருவான்" என்றார். 'பல தெய்வ வழிபாடு' என்ற சொல்லைக் கேட்டு யாராவது சிரித்தால், "அவன் கும்பிட்டது அவனுக்குச் சாமி. சிரிக்காம எழுது" என்பார்.

'தொன்மம்' என்ற சொல்லில்தான் வினை வந்தது.

சுமேரியர்கள் களிமண் பலகையில் எழுதி வைத்த வெள்ளக் கதையைச் சென்ற ஆண்டு வகுப்பில் சொன்னார். ஒரு மாணவி எழுந்து, "சார், இது நோவா கதை மாதிரியே இருக்கே?" என்று கேட்டாள். மழுப்பியிருக்கலாம். அவர் மழுப்பவில்லை. "ஆமா, ரெண்டும் நெருங்கின கதைதான். இப்பிடிப்பட்டதுக்குத் தொன்மம்னு பேரு" என்றார். அன்று மாலை அவள் வீட்டில் அந்தச் சொல் வேறாகிவிட்டது. பைபிளைக் கட்டுக்கதை என்று சார் சொன்னாராம்.

அவளுடைய தந்தை முத்துராஜ் நிர்வாகத்திடம் புகார் கொடுத்தார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற சூசைமுத்து ஐயாவை, விசுவாசமில்லாதவர் என்று கோயில் வாசலிலேயே பேசினார்கள். நிர்வாகம் ஓர் ஆணை போட்டு, வகுப்பைப் பறித்து அவரை நூலகத்தில் உட்காரவைத்தது. வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்தால் முடிந்துவிடும் என்றார்கள். அவர் எழுதவில்லை. வீம்பாக இருந்துவிடவும் இல்லை. முத்துராஜ் வீட்டுக்கே போனார். நானும் உடன் போனேன்.

"எம்புள்ளைட்ட நோவா கதை பொய்யின்னு சொன்னீங்களா, இல்லையா சார்?"

"பொய்யின்னு சொல்லலைங்க. தொன்மம்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

ஐயா திருப்பிக் கேட்டார். "சிலோன விட்டு, தலைமன்னார்ல கப்பல் ஏறி வந்தத உங்கப்பா எப்பிடிச் சொல்லுவாரு?"

"கடலு மலை ஒசரத்துக்கு எழும்புச்சு, மாதாதான் கையப் புடிச்சு எறக்கிவிட்டான்னு சொல்லுவாரு."

"அது பொய்யா?"

"எப்பிடி சார் பொய்யாகும்? அத நம்பித்தானே இந்தக் குளுருல பொழச்சோம்."

"அலைய யாரும் அளந்து பாக்கலை. ஆனா பொய்யின்னும் சொல்ல மாட்டோம். ஒரு சனம் தான் யாருன்னு சொல்லிக்கிற கதைக்கு ஒரு பேரு வேணும்ல? அந்தப் பேருதாங்க அது."

முத்துராஜ் எழுந்து, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க சார்" என்றார். புகாரை மட்டும் திரும்பப் பெறவில்லை.

புதிய கல்வியாண்டு வந்தது. ஆணை மாறவில்லை. சென்ற வாரம் மாரடைப்பில் ஐயா போய்விட்டார். மனவேதனைதான் கொன்றது என்று சொல்ல நான் மருத்துவர் அல்ல. ஆனால் அந்த ஆணை தன்மேல் இருக்கும்போதே போனார். ஒரு சொல்லின் பொருளை விசாரிக்க நிர்வாகத்துக்கு ஏன் நேரமில்லை? இத்தனை காலம் அவரை அறிந்த ஊர், ஏன் அவரிடமே ஒரு வார்த்தை கேட்கவில்லை?

முத்துராஜ் அவர்களும் இங்கே வந்திருக்கிறார். நேற்று என்னிடம், "டீச்சர், அந்தச் சொல்ல நான் இன்னும் ஏத்துக்கலை. ஆனா அவருட்டருந்து கிளாஸப் புடுங்குங்கன்னு நான் கேக்கவே இல்ல" என்றார். அவரை யாரும் கடிந்து பேச வேண்டாம்.

அந்த ஆணையை இப்போதாவது ரத்து செய்யும்படி நிர்வாகத்தை இந்த அவையின் முன் கேட்டுக்கொள்கிறேன். ஒன்பதாம் வகுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். உங்களில் ஒருவராக இருந்தவர் சொன்னதற்கே இவ்வளவு நடந்தது. ஜாஹிதா என்ற பெயருள்ளவள் சொன்னால் என்ன ஆகுமோ என்று என் வீட்டில் பயப்படுகிறார்கள். எனக்கும் பயம்தான். ஆனாலும் வரும் திங்கட்கிழமை அந்தப் பாடத்தை நடத்துகிறேன். ஒரு சொல்லையும் விடப்போவதில்லை. உங்கள் பிள்ளை வந்து சொல்வது உங்களை உறுத்தினால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நான் வருகிறேன்.