முதலாளிக்குப் போட்ட மருந்து

இஸ்திரி போடுவதில் அவசரம் ஆகாது, டாக்டர். துணிக்குத் தகுந்த சூடு வேண்டும். தையல்காரி வீட்டில் பெட்டி எப்போதும் சூடாகத்தான் இருக்கும். இப்படி உட்காருங்கள். அந்த நாற்காலியில் முடி ஒட்டும், அது முதலாளியின் இடம்.

பூனைக்கு அந்தப் பெயரை வைத்தது தங்கைதான். நாம் இரண்டு பேரும் அவனுக்கு வேலைக்காரர்கள் என்பாள். அம்மா போன பிறகு அவளை வளர்த்தது நான். அவளுக்குப் பதவி உயர்வோடு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. என்னிடம் கேட்கவில்லை, தகவல் சொன்னாள்.

"முதலாளியையும் கூட்டிட்டுப் போறேன்க்கா. இனி நீ நிம்மதியா இரு."

எனக்கு எதற்கு நிம்மதி?

அந்தச் சமயத்தில்தான் அவனுக்குச் சர்க்கரை நோய் வந்தது. கட்டுக்குள் வரும்வரை இடம் மாற்ற வேண்டாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் சாப்பாடு, அப்புறம்தான் ஊசி. இன்சுலின் பாட்டில் பிரிட்ஜில் இருக்க வேண்டும், சூடு பட்டால் வீரியம் போய்விடும். மருந்து அதிகமாகிச் சர்க்கரை ஒரேயடியாக இறங்கித் தள்ளாடினால் ஈறில் தேன் தடவிவிட்டு உங்களிடம் தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும். தங்கை எல்லாவற்றையும் அச்சுப் பிசகாமல் செய்தாள். அவள் வேலைக்குப் போனதும் நான் பாட்டிலை எடுத்து இஸ்திரிப் பெட்டியின் பக்கத்தில் வைப்பேன். அவள் வருவதற்குள் திரும்ப வைத்துவிடுவேன். அப்போதெல்லாம் வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சர்க்கரை இறங்கவில்லை. நீங்கள் அளவைக் கூட்டினீர்கள், பிறகு மறுபடியும் கூட்டினீர்கள். மாற்றலைத் தள்ளிப்போடச் சொல்லி அவளே எழுதிக் கொடுத்தாள். முதலாளி இளைத்துப்போனான், ஓயாமல் தண்ணீர் குடித்தான். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. கிண்ணத்தை நான்தான் நிரப்பி வைத்தேன்.

வீட்டில் சந்தேகம் புகுந்தால் நிம்மதி ஏது? கீழ்வீட்டு அத்தை ஒளித்து ஒளித்து எதையோ தின்னக் கொடுக்கிறாள் என்று தங்கை சண்டைக்குப் போனாள். நான்தான் சமாதானம் செய்துவைத்தேன். பிறகு தன்னையே சந்தேகப்பட்டாள்.

"என் கைதான் சரியில்லையாக்கா?"

"போகப் போகப் பழகிடும்மா" என்றேன்.

கடைசியில் மருந்துக் கடைக்காரர் மேல் சந்தேகம் வந்தது. ஒரு விடுமுறை நாள் காலையில் வேறு கடைக்குப் போய்ப் புதுப் பாட்டில் வாங்கி வந்தாள். என் கைக்கு வராத முதல் பாட்டில் அதுதான். பழைய மருந்துக்காக நீங்கள் ஏற்றிவைத்த அளவை அதிலிருந்து எடுத்தாள். நான் பக்கத்தில் ஓரம் மடித்துக்கொண்டிருந்தேன். போடாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பாள்.

மதியம் அவன் கால் பின்னிக் கீழே விழுந்தான். "அக்கா, தேன்!" என்று கத்தினாள். தேன் பாட்டில் அடுக்களைத் தட்டில் கண்ணெதிரே இருந்தது. பக்கத்தில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன். அவன் பிழைத்தால் புது மருந்து மட்டும் எப்படி இப்படி வேலை செய்தது என்று நீங்கள் யோசிப்பீர்கள். நான் தேனோடு போனபோது அவன் உடம்பு சில்லிட்டிருந்தது.

பழைய பாட்டிலையும் அவள் உங்களிடம் கொடுத்துவிட்டு வருவாள் என்று நான் நினைக்கவில்லை. தெளிவாக இருக்க வேண்டிய மருந்தில் இப்போது திரிதிரியாக மிதக்கிறது, அதனால்தானே வந்திருக்கிறீர்கள்? ஒளிக்க ஒன்றுமில்லை. செய்தது நான்தான். ஆனால் ஒரு ஊசிகூட என் கையால் போடவில்லை, அதையும் கவனியுங்கள்.

மாற்றல் வேண்டாம் என்று அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள். தன் கையால் ஓர் உயிர் போய்விட்டது, இனித் தனியாக இருக்க முடியாது என்கிறாள். ராத்திரி என் பக்கத்தில்தான் படுக்கிறாள், சின்ன வயதில் படுத்த மாதிரி.

அதனால் அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர். தான்தான் கொன்றோம் என்றே நினைத்துக்கொண்டு இருக்கட்டும். உண்மை தெரிந்தால் பாவம், தாங்க மாட்டாள்.