முதலில் நிற்கும் சொல்

எனக்கு ஒரே வேலையை இரண்டு தடவை செய்யப் பிடிக்காது. ஐயா அதைச் சோம்பல் என்று எழுதிக்கொண்டாலும் சரிதான்.

இந்த இரசாயனத் தொழிற்சாலையில் கணினித் திரையில் வரும் படிவங்கள் என் பொறுப்பு. நிரல் எழுத ஃபங்ஷனல் புரோகிராமிங் என்று ஒரு முறை இருக்கிறது. ஒரு தகவல் எந்தெந்த வடிவில் வரலாம் என்று தரவு வகையாக ஒரு வரி எழுதினால் போதும். கட்டம், பட்டன் எல்லாவற்றையும் என் நிரலே வரைந்துகொள்ளும். அந்த வரியில் முதலில் நிற்கும் சொல்லைத் தானே தேர்ந்தெடுத்தும் வைத்திருக்கும்.

ஆள் இறங்கிக் கழுவும் இரசாயனத் தொட்டிக்கான வரி சின்னது. உள்ளே ஆள் உண்டு, அல்லது இல்லை. 'உண்டு' முதலில் நின்றது. தொட்டிக்குள் நீராவியைத் திறந்துவிடும் வால்வுக்காரர் எடுத்த எடுப்பில் 'சரி' பட்டனைத் தட்டுவார். ஆள் உண்டு என்று படிவம் மறுக்கும். அதற்கப்புறம்தான் முனகிக்கொண்டே போய்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, குரல் கொடுத்து, திரும்பி வந்து 'இல்லை' என்று மாற்றுவார். படிவம் திட்டாமல் அவர் நாற்காலியை விட்டு எழுந்ததே கிடையாது. நல்ல மனிதர், அவரை விட்டுவிடுங்கள்.

தொட்டி கழுவும் குழுவின் மேஸ்திரி என் அக்காவின் கணவர். எனக்குப் 'பட்டன்' என்று பட்டப்பெயர் வைத்தவரும் அவர்தான். அதற்காகச் செய்தேன் என்று எழுத வேண்டாம். ஒருநாள் சாப்பாட்டு மேசையில், பிள்ளைகள் முன்னால், "மச்சான், எல்லாத்தையும் மிஷினே வரைஞ்சிடுதுன்னா நீ எதுக்குடா சம்பளம் வாங்குற?" என்றார். அக்காவும் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது, அதை உங்களிடம் மறைக்கவில்லை. ஆனாலும் நானும் சிரித்தேன்.

மறுநாள் 'உண்டு', 'இல்லை' என்ற அந்த இரண்டு சொற்களையும் இடம் மாற்றி எழுதினேன். நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு வரிசை ஒரு பொருட்டே இல்லை. சோதனைகள் எல்லாம் தேறின. என் நிரலைச் சரிபார்க்கும் பெண், அழகுக்காக மாற்றினீர்களா என்று கேட்டுவிட்டு அனுமதித்தாள். மாற்றியதை ஆலைத் திரைகளுக்கு உடனே வெளியிடவில்லை. பதறாத காரியம் சிதறாது.

புதன்கிழமை காலை வெளியிட்டேன். வால்வுக்காரர் வழக்கம்போலத் தட்டினார். படிவம் மறுக்காததால், யாரோ ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள் என்று நினைத்தாராம். நீராவியின் சத்தமும் இன்னொரு சத்தமும் என் அறைவரை கேட்டன. கதவைச் சாத்திக்கொண்டேன்.

அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள். "தம்பி, அவர் உள்ள இருக்காருன்னு ஒருத்தருக்குமா தெரியாம போச்சு?" என்று கேட்டாள். முதுகைத் தட்டிக்கொடுத்தேன். இனி அவளுக்கு நான் இருக்கிறேன்.

நேற்று உங்கள் அறிக்கையைப் பார்த்தேன். வால்வுக்காரரின் கவனக்குறைவு, கூடவே நிரலில் பிழை என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனசு ஆறவில்லை. அதைத் திருத்தத்தான் நானாக வந்தேன்.

என் நிரலில் பிழை எதுவும் இல்லை, ஐயா. அவர் ஏணியில் இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலை மறைந்த பிறகுதான் வெளியிட்டேன்.