பச்சை ராகி

மொத்தமும் வேணாங்க்கா. இந்த வரப்பை ஒட்டுனாப்புல, ஒரு சோடி மாடு போற அகலத்துக்கு அறுத்துக்கிட்டே அந்த மேக்கு மூலைப் பாறை வரைக்கும் போயிட்டா போதும். நானும் அந்தப் பக்கம் அறுத்துக்கிட்டு வர்றேன். ஆமாங்க்கா, கதிரு இன்னும் பச்சைதான், எனக்கும் தெரியுது. நசுக்குனா பாலுதான் வருது. இன்னும் ஒரு மாசம் வுட்டா நல்ல ராகி. என்னா பண்றது, மாட்டுக்குப் போட்டுக்கறேன். ஏன்னு அப்பறம் சொல்றேன், நீங்க அருவாளப் புடிங்க.

சிரிக்கிறீங்களா? பேரூராட்சித் தலைவின்னா கார்ல போறவன்னு நெனச்சீங்களாக்கும். அந்த சேர்ல உக்காந்து நான் கண்டது தலவலி ஒண்ணுதான். நீங்க வத்தல்மலை அடிவாரத்துல இருந்து கூலிக்கு வர்றவங்க, எங்க ஊருக் கூத்து உங்களுக்குத் தெரியாது.

அந்த ஓடையப் பாருங்க. மழ வந்தா தரைப்பாலம் முங்கிப் போயிரும், இப்பவும் முங்கித்தான் கெடக்குது. பள்ளிக்கூடம், பால் சொசைட்டி, சுடுகாடு எல்லாமே அந்தாண்ட. இப்போதைக்கு என் காட்டு மூலையில அந்தப் பாறைகிட்ட மட்டுந்தான் முழங்கால் தண்ணி, கால் வெச்சுத் தாண்டலாம். அதான் மேல்பாலம் ஒண்ணு கட்டிரலாம்னு அலையா அலைஞ்சு அனுமதி வாங்கியாந்தேன். கூட்டத்துல தீர்மானம் வெச்சா, எதிர்க்கட்சிக்காரங்க எல்லாம் கறுப்புச் சட்டையோட வந்து என் டேபிளுக்கு முன்னால தரையில உக்காந்துக்கிட்டு தட்டத் தட்டறாங்க. தீர்த்தம்மாளே வெளியேறுன்னு ஒரே சத்தம். தீர்மானத்தப் படிக்கவே வுடல. கிழிச்சு மின்விசிறிக்கு நேரா வீசுறாங்க, அது பறந்து வந்து என் தலையிலயே வுழுவுது. கூட்டத்த ஒத்திவெக்கறது, மறுபடியும் கூட்டறது, மறுபடியும் தட்டு. இதே பொழப்பு.

யாரா? கலைவாணன்னு ஒருத்தன், அவந்தான் அவங்களுக்குத் தலைவன். எங்க தெருவுதான், மூணு வூடு தள்ளி. பஸ் ஸ்டாண்டுல மேடை போட்டு, இந்தப் பாலம் மக்களுக்கு இல்ல, தலைவி காட்டுக்கு வெல ஏத்தறதுக்குன்னு பேசுனான். ஓடைய முழுங்க வந்த மொதலையாம் நானு. சனங்க கை தட்டுது. ஒருவழியா தீர்மானம் போட்டு ஜல்லியக் கொட்டுனா, கோர்ட்டுக்குப் போயி தடை வாங்கிட்டான். அவ்ளோதான், கொட்டுன ஜல்லி கொட்டுன தாவுலயே கெடக்குது, புல்லு மொளச்சுப் போச்சு.

இதுல கேளுங்க, கூட்டம் முடிஞ்சு வெளிய வந்தா, என்னாக்கா, பாப்பாவுக்கு காச்ச வுட்டுச்சான்னு கேப்பான். நெசமாத்தான் கேப்பான். மைக்கு கைக்கு வந்துட்டா மட்டும் வேற ஆளாயிருவான்.

எங்க கட்சி மட்டும் யோக்கியமான்னா, எங்காளுங்க பக்கத்து ஊர்ல இதேதான் பண்றாங்க, நான் என்னத்த சொல்ல. மொதல்ல எல்லாம் பதிலுக்குப் பதில் பேசுவேன். வூட்டுக்கு வந்து அழுவேன். இப்ப கோவங்கூட வர்றதில்லக்கா, கோவப்படறதுக்கும் ஒடம்புல தெம்பு வேணுமில்ல. அலுத்துப் போச்சு. மக்களுக்கு ஒரு பாலம் கட்டறதுக்குள்ள மனுசனுக்கு வாழ்க்கையே வெறுத்துப் போவுது.

இல்லீங்க, இந்த வழி பள்ளிக்கூடப் புள்ளைங்களுக்கு இல்ல. அதுங்க வரப்பு மேலயே ஓடிருங்க. இவ்ளோ அகலம் அதுங்களுக்கு எதுக்கு.

கலைவாணனோட அப்பா போயிட்டாருக்கா. மாயவன்னு பேரு. இன்னிக்கு வெடியக்காத்தால. சாயந்தரம் எடுக்கறாங்க. பாடைய ரெண்டு பக்கமும் ஆளுங்க தூக்கிட்டு வரணுமில்ல, வரப்பு பத்தாது.

அவன் வழி கேக்கலீங்க. அவனாவது வந்து கேக்கறதாவது. நான் மாலையோட போனேன். பெரியவர வாசல்ல கெடத்தி வெச்சுட்டு, ஓடையில தண்ணி எப்ப வடியும்னு ஆள் அனுப்பிப் பாத்துக்கிட்டு நிக்கறான். என்னைப் பாத்ததும் தலையக் குனிஞ்சுக்கிட்டான். அவன் என்கிட்ட வந்து கையக் கட்டிக்கிட்டு வழி கேக்கறத நான் பாக்க வேணாம்னு தோணுச்சு, அதான் சொல்லாம கொள்ளாம வந்து அறுக்கறேன், ஓடையப் பாக்க வர்ற ஆளே வழியப் பாத்துட்டுப் போயி சொல்லிருவான். அந்தப் பெரியவரு ஒரு தடவ, கூட்டம் நடக்கற எடத்துக்கு வெளிய டீக்கடையில நின்னுக்கிட்டு, மனசுல வெச்சுக்காத ஆத்தா, அவன் அப்படித்தான்னு என்கிட்ட சொன்னாரு. நல்ல மனுசன்.

நாளைக்கே அவன் மைக்கப் புடிச்சு, பொணத்துக்கு வழி வுட்டு ஓட்டு வாங்கப் பாக்கறான்னு என்னைச் சொன்னாலும் சொல்லுவான். சொல்லட்டும்.

அக்கா, தாள அடியோட ஒட்ட அறுங்க. கட்டை நீட்டிக்கிட்டு நிக்குது பாருங்க. கொள்ளிச்சட்டியத் தூக்கிட்டு மொதல்ல வர்றது அவந்தான். வெறுங்காலு. குத்தும்.