ஜெரேனியத்துக்குப் போர்த்திய கம்பளி

எழுபதுகளில் ஒரு மார்கழிக் காலை, கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் பஸ். முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஊர்ப் பூங்காவைக் கூலி வாங்காமல் பார்த்துக்கொள்பவர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

"எங்க வீட்டுக்காரர் கம்பளிய ஜெரேனியத்துக்குப் போத்திட்டேன்க்கா," என்றாள் இளையவள்.

அதற்குமேல் நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"ஏன்டி?"

"நேத்து பனி கொட்டும்னு தெரிஞ்சுச்சு. செடிய மூடுறதுக்குச் சாக்கு பத்தல. கடைசியில நின்னது கருகிப்போகுமேன்னுதான்."

"அவரு ஏசலையா?"

"விடிய விடிய ஏசுனாரு. வெள்ளனே எந்திரிச்சுப் பாத்தா ஆளக் காணோம். பதறியடிச்சுப் பார்க்குக்கு ஓடுனேன்."

"கம்பளிய எடுத்துட்டாரா?"

"அதத் தொடவே இல்லக்கா. பக்கத்துச் செடி சாக்கு வெலகி வெறுமனே கெடக்குன்னு தன் குல்லாவ அதுக்கு மாட்டிவிட்டு, வெறுந்தலையோட நடுங்கிக்கிட்டு நிக்கிறாரு."