பின்பாதியில் வெட்டிய செவுள்கள்

பழைய கார்களுக்கு ஓடுவதைவிட நிற்பதுதான் கெடுதல். ஓடும்போது முன்னால் காற்று அடிக்கும். நின்றுவிட்டால் சூடு பொனட்டுக்குள்ளேயே கிடந்து சுழலும். மண்டூர்த் துறையில் பாதைக்காகக் காத்து நிற்பவர்களுக்கு இது தெரியும். வாகனங்களை ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். இன்ஸ்பெக்டர் ஐயா வெளியூர் என்பதால் எழுதுகிறேன்.

என் மச்சான் அருமைநாயகத்திடம் அப்படியொரு இங்கிலாந்துக் கார் இருக்கிறது. என் மனைவி புஸ்பத்துக்கு அவர் ஒரே அண்ணன். போன வருடம் சித்திரையில் புஸ்பத்துக்கு நெஞ்சுவலி வந்தபோது அந்தக் காரில்தான் அவளை ஏற்றினோம். ஆஸ்பத்திரி அக்கரையில். துறையில் நிற்கும்போது ரேடியேற்றர் கொதித்தது. மச்சான் எஞ்சினை நிறுத்தினார். பாதை வந்து சேர்ந்தபோது அது திரும்ப எடுக்கவில்லை.

பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரன் மதுரன், "அக்காவ இதுல ஏத்துங்க அண்ண, நான் கொண்டு போறன்" என்றான்.

"வேணாம் தம்பி. இது இப்ப எடுக்கும். நெஞ்சு நோவுக்காரிய ஓட்டோவில குலுக்கிக்கொண்டு போறதா?" என்றார் மச்சான்.

பாதை மதுரனை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அது திரும்பி வருவதற்குள் புஸ்பம் என் மடியில் அடங்கிப்போனாள். மச்சான் அப்போதும் பொனட்டைத் திறந்துவைத்து, மட்டை ஒன்றால் எஞ்சினுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

நான் அவரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சடங்குகளிலெல்லாம் பக்கத்திலேயே இருந்தேன். ஆனால் அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழும்புவேன். படுத்தால் எழும்பிக் கிணற்றடிவரை போய் வருவேன். இதையும் எழுந்து நடந்து நடந்துதான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் காரணம் அதுதான்.

ஐப்பசியில் மச்சான் காரை என் கராஜுக்குக் கொண்டுவந்தார்.

"பொனட்டில காத்துப் போக வழி வெட்டித் தாவன் மச்சான். புஸ்பத்துக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாது."

அவர் கேட்டது நியாயமான விஷயம். தகர வேலை என் தொழில். மீனின் செவுள் போலச் சாய்வாக வெட்டி, ஓரத்தை மேலே தூக்கிவிட வேண்டும். பொனட்டின் முன்பாதியில், ரேடியேற்றருக்குச் சற்றுப் பின்னால் வெட்டுவதுதான் முறை. நான் பின்பாதியில், முன்கண்ணாடியின் அடியில் வெட்டினேன். அந்தக் காரில் உள்ளே இருப்பவர்களுக்குக் காற்று எடுக்கும் துவாரம் அங்கேதான் இருக்கிறது. எஞ்சினோடு புகைக்குழாய் சேரும் இடத்தில் புகைக் கசிவு இருந்தது. அதை நான் உண்டாக்கவில்லை. பார்த்தேன், இறுக்கவில்லை, அவ்வளவுதான்.

வேலை முடிந்து எஞ்சினை ஓடவிட்டபோது ரேடியேற்றர் கொதிக்கவில்லை. மச்சான் செவுள்களுக்கு மேலே கையைப் பிடித்துப் பார்த்து, "அடுப்பு மாதிரி அடிக்குது" என்று சந்தோசப்பட்டார். அவருடைய மகள் தனுஷாவும் வந்திருந்தாள்.

"மாமா, இது காரா கொடுவா மீனா? இனிப் பாதை தேவல்ல, வாவியில இறக்கி விடலாம் போல."

"அப்ப நீதான் முதல் ஆளா ஏறோணும்" என்றேன். எல்லோரும் சிரித்தோம்.

தனுஷா தாயில்லாமல் வளர்ந்த ஒரே பிள்ளை. அக்கரையில் ஒரு பாடசாலையில் படிப்பித்தாள். மாரி மழையில் மச்சான்தான் கொண்டுபோய் விடுவார். சித்திரைக்குப் பிறகு அவர் துறையில் எஞ்சினை நிறுத்துவதே இல்லை, திரும்ப எடுக்காது என்ற பயம். ஓடவிட்டபடியே குடையோடு இறங்கி, வெற்றிலையைப் போட்டுக்கொண்டு பாதைக்காரர்களோடு கதைத்து நிற்பார். தனுஷா பின் சீற்றில் இருந்து பிள்ளைகளின் கொப்பி திருத்துவாள்.

ஆகவே மச்சானுக்கு ஒன்றும் ஆகாது என்பது எனக்குத் தெரியும். அவர் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்தத் துறையில் அவர் மடியிலும் ஒரு தலை கிடக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

கார்த்திகையில் ஒரு காலை, நல்ல மழை. அவர்கள் என் கராஜ் வாசலில் நிறுத்தினார்கள். தனுஷாவின் முகம் வாடியிருந்தது.

"என்னகா புள்ள?"

"தெரியா மாமா. ரெண்டு மூணு நாளா துறைக்குப் போனாலே தலையிடிக்குது."

"மழைக் குளிர்தான். கண்ணாடிய நல்லா ஏத்தி மூடிக்கொண்டு இரு. ஈரக் காத்துப் படக் கூடாது."

அவள் சொன்ன சொல் கேட்கும் பிள்ளை. என் முன்னாலேயே கண்ணாடியை ஏற்றினாள்.

அன்று வெள்ளத்தால் பாதை அக்கரையில் நெடுநேரம் நின்றுவிட்டது. அது வந்தபோது மச்சான் பின்னால் பார்த்திருக்கிறார். பிள்ளை தூங்குகிறாள் என்று நினைத்து, எழுப்பாமல், மெதுவாகக் காரை ஏற்றியிருக்கிறார். நடு வாவியில்தான் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அவள் எழும்பவில்லை; செவுள் வழியாக வந்த எஞ்சின் புகை காருக்குள் ஏறியதுதான் காரணம் என்றார்கள்.

மச்சான் இப்போது வழக்குக்காக விளக்கமறியல் சிறையில் இருக்கிறார். செவுள்களைத் தானே வெட்டியதாகவும், நான் வேண்டாம் என்று தடுத்ததாகவும் பொலிசிடம் சொல்லியிருக்கிறார். போய்ப் பார்த்தேன். கம்பிக்கு அப்பால் நின்று என் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

"நீ பிழையா வெட்டிப்போட்டாய் எண்டு ஆரும் சொல்லப்படாது. தெரியாமச் செய்ததுக்கு நீயேன் மறியலுக்கு வரோணும்? புஸ்பம் இருந்தா உன்ன விட்டிருப்பாளா? வாய் திறக்காத மச்சான்."

வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. விடியும்வரை நடந்தேன். மனம் இளகி இங்கே வந்ததாக ஐயா எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் தன் மகளை என் கைப்பிழைக்குக் கொடுத்துவிட்டதாக நினைத்து, என்னை மன்னித்து, அங்கே அமைதியாகப் படுத்துத் தூங்குகிறார். நான் இன்னும் நடந்துகொண்டிருக்கிறேன். இதில் நியாயம் இல்லை.

அந்தப் பொனட்டை ஒருமுறை பாருங்கள். எல்லாம் ஒரே சாய்வு, எங்கும் பிசிறு இல்லை. கை பிழைத்தவன் வெட்டியதல்ல அது. இந்த வாக்குமூலத்தை மச்சானுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் என் வேண்டுகோள். அவர் கேட்கும்போது நானும் அங்கே இருந்தால் நல்லது. அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியும்.