ஹார்ட் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா என்று தீர்த்துவைத்த ஹெப்சிபா அம்மையாருக்குப் பணிநிறைவு மடல்

கணினிப் பிரிவின் கண்ணே! கடமையில் கடுகளவும் குறையாத கண்ணியமே! திருவொற்றியூர்க் கடற்காற்றில் கதவும் கம்பியும் துருப்பிடித்தாலும் தாம் துருவேறாத திண்மையே! இராயபுரத்திலிருந்து இருபத்தொன்பது ஆண்டுகள் தவறாமல் வந்து, இன்று பணிநிறைவு பெறும் ஹெப்சிபா அம்மையீர்! வணங்கி மகிழ்கிறோம்.

தங்கள் பண்புகளை எல்லாம் அடுக்கினால் மடல் நீளும். மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுபவர் கொடுத்த அளவோ சிறிது. ஆகவே ஒன்றே ஒன்றை, அம்மையாரை முன்னே அமர்த்திக்கொண்டு, அவையோர் அனைவருக்கும் சொல்லுகிறோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் சரக்குப்பெட்டக நிலையத்தின் வாயிலறைக் கணினிகள் மந்தமாகி, டிரெய்லர்கள் சாலைவரை வரிசை கட்டி நின்றன. வேகமாகச் சுழலும் புதிய ஹார்ட் டிஸ்க் போடுவதா, சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. போடுவதா என்று முடிவுசெய்யும் பொறுப்பு அம்மையாருடையது. ஹார்ட் டிஸ்க்கில் இடம் அதிகம், விலை குறைவு. அதை மாடியில் குளிர்பதன அறையில் இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தார். கேட்டது கேட்டவுடன் திரைக்கு வந்தது. ஹார்ட் டிஸ்க்கே போதும் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

வாயிலறையில் பொருத்தியபின் பார்த்தால் பழைய கதைதான். பழி, வாயிலறை எழுத்தர் சித்தார்த்தின் தலையில் விழுந்தது. ஒப்பந்தப் பணியாளர் அவர். கை மெதுவு என்று இரண்டு மெமோ வந்துவிட்டன. மூன்றாவது வந்தால் மாதக் கடைசியோடு வேலை போய்விடும்.

அம்மையாருக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு முற்பகலில் வாயிலறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இன்னா மாமு, உன் பொட்டி இன்னும் தூங்கிகினு கீதா? நான் இங்கியே ரேஷன் கார்டு வாங்கிடவா?" என்று சன்னல் வழியே கேட்டார் ஓட்டுநர் சின்னப்பையன்.

"நான் தட்டிகினுதான் கீறேன் நைனா, அது நவுரல" என்றார் சித்தார்த்.

மேசைமேல் டீ கிளாஸ் நடுங்கிக்கொண்டிருப்பதை அம்மையார் கவனித்தார்.

"வண்டிய நிறுத்துங்க தம்பி."

"நின்னுகினுதானேம்மா கீது?"

"இன்ஜின சொல்றேன்."

"ஆஃப் பண்ணா திரும்ப ஏறாது, செல்ஃப் பேஜாரு. தள்றதுக்கு நீ வர்றியா?"

"வரேன், நிறுத்துங்க."

சின்னப்பையன் சிரித்துக்கொண்டே நிறுத்தினார். உறைந்திருந்த திரை மறுகணமே நகர்ந்தது. அடுத்தடுத்து வந்த எட்டு வண்டிகளிலும் அப்படியே நடந்தது. நம் ஓட்டுநர்கள் வரிசையில் இன்ஜினை அணைப்பதில்லை. கணினி வைத்த இரும்புத் தட்டோ, வண்டி ஏறி நிற்கும் எடைமேடையோடு பற்றவைக்கப்பட்டது. வண்டி அதிர, தட்டு அதிர, சுழலும் டிஸ்க் படித்ததையே திரும்பத் திரும்பப் படித்துத் திணறியது. மாடியறையில் அந்த அதிர்வு இல்லை. அம்மையார் சோதித்ததோ அங்கே மட்டும்.

மேலாளர் ஜெரால்ட் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "டிஸ்க் பழுதுன்னு எழுதிடுங்க மேடம். யார் தேர்ந்தெடுத்ததுன்னு யாரு கேக்கப் போறா? அடுத்த மாசம் உங்க தலைமைப் பதவி ஃபைல் மேல போகுது."

"டிஸ்க் நல்லாத்தான் இருக்கு சார். வெச்ச இடம் தப்பு. வைக்கச் சொன்னது நான்."

அப்படியே எழுதினார். தாமதத்திற்குக் காரணம் சித்தார்த் அல்லர். இடத்தைப் பாராமல் தாம் செய்த தேர்வே காரணம் என்று தம் பெயரிட்டு எழுதினார். வாயிலறைக் கணினிகள் நான்கிலும் எஸ்.எஸ்.டி. ஏறியது. அதிர்வு இல்லாத மாடியறையில், கேமரா பதிவுகளைச் சேர்த்து வைக்க, ஹார்ட் டிஸ்க்குகள் போயின. அங்கே இடம்தானே வேண்டும்! வரிசை வாயிலுக்குள் அடங்கியது. மெமோ இரண்டும் ரத்தாயின, சித்தார்த்தின் வேலை நிலைத்தது. தலைமைப் பதவி வேறொருவருக்குப் போனது.

சென்ற வாரம் நிர்வாகம், அம்மையார் பொறுப்பேற்று எழுதிய அந்தக் கடிதத்தை அவருடைய பணிப்பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டு, குறையேதும் இல்லாத பதிவோடு விடைகொடுக்க முன்வந்தது.

"வேணாம் சார். அத எடுத்துட்டா, அந்தப் பையன் மெமோவ ஏன் ரத்து பண்ணாங்கன்னு சொல்ல ஆபீஸ்ல வேற காகிதம் இல்ல" என்றார் அம்மையார்.

அம்மையீர்! அந்தக் காகிதம் அங்கேயே இருக்கிறது. தாங்கள் நோய்நொடி அணுகாது, நூறாண்டும் நிறைவாக வாழ வேண்டும்; நேரம் பார்த்து எழ வேண்டாத காலைகள் தங்களுக்கு நிறையக் கிடைக்க வேண்டும் என வேண்டி, விடைதருகிறோம்.

இங்ஙனம்,
தங்கள் அன்பிற்குரிய
கணினிப் பிரிவு, வாயிற்பிரிவுப் பணியாளர்கள்
திருவொற்றியூர்